மண்ணுக்குள்ள போற காசை முதல்ல எண்ணுங்க: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே வணக்கம். நாங்க குலசேகரத்துக்கு மேல, ரப்பர் விளைகளுக்கு நடுவுல இருக்கோம். நான் பால்வெட்டுக்குப் போறேன், வீட்டுக்காரிக்கு அண்டி ஆபீஸ்ல (முந்திரி ஆலையில) வேலை. பாகம் பிரிச்சதுல எனக்கு 11 சென்ட் வந்துருக்கு. ரோட்டுப் பக்கம் 48 அடி, அங்க இருந்து கீழ தோடு (தண்ணி ஓடுற வாய்க்கால்) வரைக்கும் 100 அடி, மொத்தமும் சரிவு. கான்ட்ராக்டர் ஒருத்தர் பாத்துட்டு, ரோடு மட்டத்துக்கு மண்ணு போட்டு நிரப்பி பின்னாடி சைடுவால் (மண்ணு சரியாம தாங்குற சுவரு) கட்டிட்டா பிளாட்டா ஆயிரும், 1,200 சதுர அடி வீடு, சதுர அடிக்கு 2,300 ரூபான்னு சொல்றாரு. கருங்கல் கட்டு தனியா கன அடிக்கு 180 ரூபாயாம். சேமிப்பு, நகை எல்லாம் சேத்து கையில 13 லட்சம், பேங்க் லோன் 15 லட்சம், ஆக 28 லட்சம். இதுல முடியுமா? அம்மைக்கு முட்டுவலி, படி ஏற முடியாது, அதனால ஒரே மட்டத்துல வேணும்னு வீட்ல எல்லாரும் சொல்றாங்க.
- பால்வெட்டுத் தொழிலாளி, குலசேகரம் பக்கம்

பதில்: தம்பி, 1,200ஐ 2,300ஆல பெருக்கினா 27 லட்சத்து 60 ஆயிரம். பேப்பர்ல பாத்தா சரியா வருது, 40 ஆயிரம் மிச்சமும் இருக்கு. ஆனா அந்த 2,300 ரூபா ரேட்டு சமநிலத்துல கட்டுற வீட்டுக்குச் சொல்ற ரேட்டு. வானம் (அஸ்திவாரக் குழி) இத்தனை அடி, பேஸ்மட்டம் இத்தனை அடின்னு அவரு மனசுல ஒரு கணக்கு இருக்கும், அதுக்கு மேல போறது எல்லாம் எக்ஸ்ட்ரா. உங்க நிலத்துல எக்ஸ்ட்ராதான் முதல் செலவே, அதனால வீட்டு பிளானை இப்ப ஓரமா வச்சிட்டு முதல்ல நிலத்தை அளங்க.

அளக்க சர்வேயர்தான் வரணும்னு இல்ல. ஹார்டுவேர் கடையில கண்ணாடி மாதிரி உள்ள தெரியுற அரை இஞ்ச் பிளாஸ்டிக் டியூப் ஒரு 50 அடி வாங்குங்க, தண்ணி நிரப்புங்க, உள்ள ஒரு குமிழி கூட நிக்கக்கூடாது, நின்னா கணக்கு தப்பும். ரோட்டு ஓரத்துல ஒரு கம்பு, பத்தடி கீழ இன்னொரு கம்புன்னு நட்டு, நீங்க ஒரு முனையப் புடிங்க, வீட்டுக்காரி இன்னொரு முனையப் புடிக்கட்டும், தண்ணி ஆடி அடங்கினதும் ரெண்டு கம்புலயும் ஒரே நேரத்துல கோடு போடுங்க. கோட்டுல இருந்து தரை வரைக்கும் ரெண்டு பக்கமும் அளந்து கழிச்சா அந்த பத்தடிக்கு எவ்வளவு எறக்கம்னு தெரிஞ்சிரும். இப்படியே தோடு வரைக்கும் போங்க. ஒரு சாயங்காலத்துல முடியுற வேலைதான், ஆனா இத செய்யாம பிளான் போட்டு அப்புறம் கண்ணீர் விட்டவங்கள நான் நிறைய பாத்திருக்கேன்.

நீங்க அனுப்பின போட்டோவையும், தோட்டுக்குப் போக எத்தன படி வெட்டியிருக்குன்னு நீங்க எழுதினதையும் வச்சு 100 அடிக்கு 14 அடி எறக்கம்னு நான் எடுத்துக்கறேன். அளந்து பாத்து மாறினா கணக்க மாத்திக்கலாம்.

இப்ப அந்த கான்ட்ராக்டர் சொன்ன வழிய பாப்போம். ரோட்டுல இருந்து 50 அடி வரைக்கும் ரோடு மட்டத்துக்கு நிரப்பணும்னா பின் ஓரத்துல 7 அடி உசரம் மண்ணு வேணும். 48 அடி அகலம், 50 அடி நீளம், சராசரி மூன்றரை அடி, மொத்தம் 8,400 கன அடி, அதாவது 84 யூனிட். இடிச்சு இறுக்கினா மண்ணு அமுங்கும், அதனால 100 யூனிட்டுக்கு மேலேயே எறக்கணும். பின்பக்க சைடுவால் தரைக்கு மேல 7 அடி, கீழ 2 அடி. கருங்கல் சுவர்னா அடித்தடிமன் உசரத்துல பாதியாவது வேணும், அதாவது அடியில நாலரை அடி, மேல ஒன்றரை அடி. 48 அடி நீளத்துக்கு ஏறக்குறைய 1,300 கன அடி கல்லுக்கட்டு. ரெண்டு பக்கவாட்டுச் சுவரும் சேந்தா இன்னொரு 1,300. 2,600ஐ உங்க 180 ரூபாயால பெருக்குங்க: 4 லட்சத்து 68 ஆயிரம். ஒரு செங்கல் கூட இன்னும் வைக்கல. இது போக வீட்டு அஸ்திவாரத்த புது மண்ணு மேல நிறுத்த முடியாது, நிரப்பின மண்ணைத் தாண்டி பழைய மண்ணுல நாலடி எறங்கணும்னா பின்பக்கம் 11 அடி ஆழம். கான்ட்ராக்டர் நிரப்பின மண்ணு மேலயே அஸ்திவாரம் போட்டுரலாம்னு சொன்னா அவர்கிட்ட வேலைய குடுக்காதீங்க, ரெண்டாவது மழைக்குள்ள மூலைக்கு மூலை சாய்வா வெடிப்பு விழும்.

சைடுவால் உசரத்துல இன்னொரு விஷயம் இருக்கு. சுவரு உசரம் ரெண்டு மடங்கானா மண்ணு தள்ளுற விசை நாலு மடங்காகும். அதனாலதான் கல்ல அடுக்கிக் கட்டின மூணடி கையாலை நம்ம தாத்தா காலத்துல இருந்து காரை இல்லாமலே நிக்குது, ஏழடி சுவரு சிமென்ட் போட்டும் சாயுது. மண்ணுக்குள்ள தண்ணியும் சேந்தா கேக்கவே வேண்டாம். 2021 நவம்பர்ல நம்ம மாவட்டத்துல பெய்ஞ்ச மழை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த மழையில எங்க சித்தப்பா வீட்டு பின்சுவரு விழுந்துச்சு. விழறதுக்கு முந்துன நாள் நான் போய் பாத்தேன், சுவரு நடுவுல வயிறு தள்ளி நிக்குது, பூச்சுல முடி கனத்துக்கு ஒரு கோடு, அந்தக் கோட்டு வழியா செம்மண் தண்ணி கசியுது. கட்டும்போது தண்ணி வெளிய வர பிவிசி பைப் எல்லாம் ஒழுங்காத்தான் வச்சிருந்தாங்க, பின்னாடி அழகுக்குப் பூச்சு பூசுனப்ப பைப் வாய் எல்லாத்தையும் சேத்து பூசிட்டாங்க. விழுந்த பிறகு கல்லுகள பொறுக்கும்போது அந்த பைப்புகள எடுத்துப் பாத்தேன், ஒவ்வொண்ணு வாயிலயும் ரெண்டு இஞ்சுக்கு சாந்து. ராத்திரி விழுந்ததால ஆளுக்கு ஒண்ணும் ஆகல. அன்னையில இருந்து எந்த சைட்டுக்குப் போனாலும் நான் முதல்ல பாக்குறது அந்த பைப் வாயத்தான்.

சரி, என்ன செய்யலாம்? நான் சொல்றது கொஞ்சம் கஷ்டமா இருக்கும், ஆனா சொல்லித்தான் ஆகணும்: 1,200 சதுர அடி வேண்டாம், இப்ப 850 கட்டுங்க. வீட்டோட நீளப் பக்கம் ரோட்டுக்கு இணையா, சரிவுக்கு குறுக்க படுத்த மாதிரி இருக்கட்டும், 34 அடி அகலம், 25 அடி ஆழம். நிலத்த நிரப்பாதீங்க, வீட்ட ரெண்டு தட்டா பிரிங்க. 25 அடிக்கு எறக்கம் மூன்றரை அடி. முன்தட்டு பன்னிரண்டரை அடி, பின்தட்டு பன்னிரண்டரை அடி, ரெண்டுக்கும் நடுவுல 7 இஞ்ச் உசரத்துல மூணே மூணு படி. முன்னாடி பேஸ்மட்டம் இரண்டரை அடி வச்சா, ஒரே மட்டமா கட்டினா பின்பக்கம் 6 அடி ஆகிற பேஸ்மட்டம், இப்படி கட்டினா நாலே கால் அடியோட நிக்கும். அந்த ஒண்ணே முக்கால் அடியிலதான் உங்க லட்சங்கள் இருக்கு.

அம்மைக்கு எந்தப் படியும் வேண்டாம். அவங்க ரூம், அதோட ஒட்டி பாத்ரூம், ஹால், அடுக்களை, சிட்டவுட் எல்லாம் முன்தட்டுல, ரோட்டுல இருந்து நேரா நடந்து வர்ற மட்டத்துல; வீட்ட ரோட்டுல இருந்து 18 அடி தள்ளி வச்சா அங்க நிலம் இரண்டரை அடி எறங்கியிருக்கும், அந்த இரண்டரை அடி பேஸ்மட்டம் சரியா ரோட்டு மட்டத்துக்கு வந்துரும். நீங்களும் பிள்ளைங்களும் படுக்கிற ரெண்டு ரூமும் பின்தட்டுல, தோட்டுப் பக்கம் ஜன்னல் வச்சு. சாய்தளம் போட்டு பின்தட்டுக்கும் அவங்கள கொண்டு போகலாமேன்னு யாராவது சொல்லுவாங்க, ஒரு அடி உசரத்துக்கு 12 அடி சாய்வு வேணும், ஒண்ணே முக்கால் அடிக்கு 21 அடி நீளம் எங்க போறது? பாத்ரூம்ல கைப்பிடிக் கம்பிய சுவரு கட்டும்போதே நினைச்சு வச்சுக்கோங்க.

பணக் கணக்கு இப்படி போடுங்க. 28 லட்சத்துல முதல்ல 2 லட்சத்து 80 ஆயிரத்த இல்லன்னே நினைச்சு தனியா வையுங்க, சரிவுல தோண்டும்போது பாறை வரும், ஊத்து வரும், அதுக்கு. அடுத்து மண்ணுக்கும் தண்ணிக்கும் மூன்றரை லட்சம்: கூடுதல் கல்லுக்கட்டு, ஓடை, வீட்டுக்குப் பின்னாடி ரெண்டு சின்ன கையாலை. அப்புறம் செப்டிக் டேங்க், பிளான் அனுமதி, கரண்ட், தண்ணி கனெக்‌ஷன் எல்லாத்துக்கும் 2 லட்சம். மிச்சம் 19 லட்சத்து 70 ஆயிரம், அத 2,300ஆல வகுத்தா 850 சதுர அடிதான் வரும். அந்த 850 இப்படி வந்ததுதான், நான் கையில எடுத்து குறைச்சது இல்ல. பிள்ளைங்க வளந்த பிறகு மேல ரெண்டு ரூம் எடுக்கலாம், அதுக்கு அஸ்திவாரத்தையும் மேல கம்பியையும் இப்பவே இன்ஜினியர்கிட்ட கணக்கு போட்டு விட்டுடுங்க.

லோன் விஷயத்துல ஒரு எச்சரிக்கை. பேங்க் மொத்தமா தராது, அஸ்திவாரம், லிண்டல், கான்கிரீட்னு ஸ்டேஜ் ஸ்டேஜா விடும். சம நிலத்துக்கு அந்தக் கணக்கு ஒத்துவரும், சரிவுல அஸ்திவார ஸ்டேஜ்லயே அவங்க விடுற காசுக்கு மேல நீங்க செலவு பண்ணியிருப்பீங்க. அதனால உங்க கை காசு 13 லட்சத்த தரைக்குக் கீழ செலவழிங்க, லோன தரைக்கு மேல. கையாலையும் ஓடையும் எஸ்டிமேட்லயே எழுதி வரட்டும், எஸ்டிமேட்ல இல்லாததுக்கு பேங்க் காசு தராது. கான்ட்ராக்டர் அக்ரிமென்ட்ல வானம் எத்தன அடி, பேஸ்மட்டம் எத்தன அடி வரைக்கும் 2,300ல அடக்கம், தாண்டினா கன அடிக்கு என்ன ரேட்டுன்னு எழுத்துல வாங்குங்க.

தோண்டுறதுக்கு முன்னாடி மேல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு மூணு குழி ஆறடிக்கு வெட்டிப் பாருங்க. நம்ம பக்கத்து மண்ணுல மேல செங்கல்லு மாதிரி கெட்டி, அடியில வெள்ளையும் ரோஸும் கலந்த பசை மண்ணு இருக்கும், கையில எடுத்து பிசைஞ்சா சோப்பு மாதிரி வழுக்கும். ஜேசிபி விட்டு மேல இருக்குற கெட்டிய சீவி எடுத்துட்டா வீடு அந்த வழுக்கல் மேல உக்காரும். நிரப்புறது எவ்வளவு தப்போ, ஆழமா வெட்டுறதும் அவ்வளவு தப்பு. ரப்பர் மரத்து அடிக்கட்டையையும் தூரோட தோண்டி எடுத்துருங்க, விட்டா வேர் அழுகி குழி விழும், சிதலும் (கரையானும்) அங்க இருந்துதான் ஏறும். ஆனா வீட்டுக்குக் கீழ தோட்டுப் பக்கம் நிக்கிற மரங்கள வெட்டாதீங்க, மண்ண புடிச்சு வச்சிருக்கறது அதுங்கதான். மேல் தட்டுல மழைத்தண்ணி தேங்க வெட்டின குழிகள் இருந்தா மூடிருங்க, ரப்பருக்கு அது நல்லது, கீழ வீடு இருந்தா அந்தத் தண்ணி அஸ்திவாரத்துக்குத்தான் வரும்.

தண்ணிய கடைசில வச்சேன், ஆனா வேலையில அதுதான் முதல்ல வரணும். 10 சென்டிமீட்டர் மழை பெய்ஞ்சா உங்க 11 சென்ட்ல மட்டும் 44 ஆயிரம் லிட்டருக்கு மேல தண்ணி விழும், அது போக ரோட்டுத் தண்ணி. நமக்கு ஆனி ஆடி மழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு, வருஷத்துல ரெண்டு தடவ இந்தப் பரீட்சை. ரோட்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல குறுக்க ஒரு ஓடை வெட்டி, ரெண்டு பக்கமும் கல்லு பதிச்ச சால் வழியா தோட்டுக்கு எறக்குங்க. மொட்டைமாடித் தண்ணிய பைப்புலயே கீழ வரைக்கும் கொண்டு போங்க, பேஸ்மட்டம் ஓரத்துல கொட்ட விடாதீங்க. பின்னாடி கட்டுற கையாலை மூணடிக்கு மேல வேண்டாம், ரெண்டுக்கும் நடுவுல ஆறடியாவது இடம் விடுங்க, சுவருக்குப் பின்னாடி ஒரு அடிக்கு ஜல்லி, நாலடிக்கு ஒரு பைப், பைப் வாயில பூச்சு வேண்டவே வேண்டாம்.

செப்டிக் டேங்க் கீழ்ப்பக்கம்தான் வரும், ஆனா கீழ் விளைக்காரங்க கிணறு எங்க இருக்குன்னு போய் பாத்துட்டு வாங்க. உறிஞ்சு குழிக்கும் எந்தக் கிணத்துக்கும் 60 அடிக்குக் குறையக்கூடாது, உங்க கிணறா இருந்தாலும் அவங்க கிணறா இருந்தாலும். இன்னொண்ணு, உங்க கிராமம் மலையிடப் பாதுகாப்புக் குழும (மலைப்பகுதியில கட்டுறதுக்கு அனுமதி பாக்குற அரசு அமைப்பு) லிஸ்ட்ல இருக்கான்னு பஞ்சாயத்து ஆபீஸ்ல முதல்லயே கேளுங்க. இருந்தா அனுமதிக்குக் கூடுதல் நாள் ஆகும், வட்டிக்கு வாங்கின காச கையில வச்சுட்டு காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: எங்க நிலமும் சரிவுதான், களியக்காவிளை பக்கம். சுவருக்கு வெட்டுகல்லு போடலாமா, சிமென்ட் கட்டையா? வெட்டுகல்லு பழைய ஸ்டைல்னு மகன் சொல்றான்.
- ஒரு அம்மா

பதில்: அக்கா, நல்ல கல்லு கிடைச்சா தாராளமா வெட்டுகல்லு போடுங்க. வெட்டும்போது மெதுவா இருந்து காத்துபட்டு இறுகுற கல்லு இது. புக்கானன்னு ஒரு வெள்ளைக்காரர் மலப்புறம் பக்கத்து அங்காடிப்புறத்துல இதப் பாத்து 1807ல வந்த புத்தகத்துல எழுதித்தான் லாட்டரைட்னு உலகம் பூரா பேர் வந்துச்சு. கல்ல தட்டிப் பாருங்க, கணீர்னு சத்தம் வரணும், வெள்ளைத் திட்டு நிறைய இருந்தா எடுக்காதீங்க. வெட்டின உடனே கட்டாம கொஞ்ச நாள் ஆற விடுங்க. ஆனா தரைக்குக் கீழயும் தண்ணி படுற பேஸ்மட்டத்துக்கும் கருங்கல்தான்.

பழைய ஸ்டைல்னு சொல்ற மகன ஒரு நாள் திருவனந்தபுரம் நாலாஞ்சிறைக்குக் கூட்டிட்டுப் போங்க. குறைஞ்ச செலவுல வீடு கட்டிப் பேர் வாங்கின கட்டிடக்கலைஞர் லாரி பேக்கர் தனக்குன்னு கட்டின வீடு அங்க சரிவான பாறை மேல நிக்குது, மலைய வெட்டாம அது எப்படி போகுதோ அப்படியே வீட்ட ஏத்தியிருக்காரு. சரிவுக்கு குறுக்க கட்டு, நெடுக்க கட்டாதேன்னு அவரு காலம்பூரா சொன்னாரு. மேல நான் அந்தத் தம்பிக்குச் சொன்னதும் அங்க இருந்து கத்துக்கிட்டதுதான்.

கேள்வி: எங்களுக்கு ரோடு கீழ, நிலம் மேல. 20 அடி ஏறணும். 850 சதுர அடி வீட்டுக்கு சுமட்டுக்கூலி எவ்வளவு ஒதுக்கணும்?
- பேச்சிப்பாறை பக்கம்

பதில்: ரூபாய விட முதல்ல எடைய பாருங்க. சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமென்ட்னு வச்சா 340 மூட்டை, 17 டன். இது சிமென்ட் மட்டும், மணலும் ஜல்லியும் கல்லும் இதுக்குப் பல மடங்கு. எல்லாம் தலையில ஏறணும். அதனால வீட்டுக்கு வானம் தோண்டுறதுக்கு முன்னாடி வழிய முடிங்க, கைவண்டி ஏறுற மாதிரி வளைஞ்சு போற பாதை, கல்லு பதிச்சு, ஓரத்துல ஓடை வச்சு. எப்படியும் கடைசில கட்டப் போற வழிதான், முதல்லயே கட்டினா கூலி குறையும், மழையில வேலையும் நிக்காது. கூலிய லோடு கணக்குல பேசுங்க, நாள் கணக்குல பேசினா நாளு இழுக்கும்.

கேள்வி: தென்மேற்கு மூலை பள்ளமா இருக்கு, வாஸ்துப்படி நிரப்பியே ஆகணும்னு சொல்றாங்க. மாமனாரும் பிடிவாதமா இருக்காரு.
- புளியரை

பதில்: மாமனார் மனசு நோகக்கூடாது, அதே நேரத்துல பள்ளத்துல புது மண்ணக் கொட்டி அது மேல வீட்டு மூலைய நிறுத்தவும் கூடாது. அந்த மூலைல மண்ணுக்குப் பதிலா கல்லுக்கட்டால பேஸ்மட்டத்த உசத்தி, தரைய மத்த ரூம விட ஒரு இஞ்ச் ஏத்துங்க, தென்மேற்கு உசந்தாச்சுன்னு பெரியவர்கிட்ட காட்டுங்க. வாசலையும் பூஜை ரூமையும் அவரு சொல்ற பக்கமே வையுங்க, அதுல ஒரு செலவும் கூடாது.

கேள்வி: சார், எங்க வீட்டுக்கு மேல இருக்குற இடத்த வாங்கினவங்க ஜேசிபி விட்டு செங்குத்தா 12 அடி வெட்டிட்டாங்க, வெட்டின மண்ண எங்க பக்கமா தள்ளி வச்சிருக்காங்க. போன மழையில இருந்து எங்க முத்தத்துல குறுக்க ஒரு வெடிப்பு, அடுக்களை கதவு சரியா அடையல. சைடுவால் கட்டினா சரியாகுமா, எவ்வளவு ஆகும்?
- தேவாலா, கூடலூர் பக்கம்

பதில்: தங்கச்சி, செலவு கணக்க இப்ப விடுங்க. முத்தத்துல வெடிப்பு, கதவு இறுகுறது, ரெண்டும் சேந்து வந்தா நிலம் நகருதுன்னு அர்த்தம். வெடிப்போட ரெண்டு பக்கமும் ஒரு குச்சி அடிச்சு, இடைவெளிய அளந்து இன்னைக்குத் தேதியோட சுவத்துல எழுதுங்க, தினமும் காலைல பாருங்க. வெடிப்புக்குள்ள மழைத்தண்ணி எறங்காம களிமண்ணால அடைச்சு மேல தார்ப்பாய் போடுங்க. மேல தள்ளி வச்சிருக்குற தளர்ந்த மண்ணுதான் முதல் ஆபத்து, அத எடுக்கச் சொல்லி கிராம நிர்வாக அலுவலர்கிட்டயும் தாசில்தார் ஆபீஸ்லயும் எழுத்துல குடுங்க, போட்டோவோட, நகல்ல சீல் வாங்கிக்கோங்க. மரம் சாயுறது, புதுசா ஒரு இடத்துல ஊத்து கிளம்புறது, தெளிவா வந்த ஊத்து கலங்கி வர்றது, இதுல எது தெரிஞ்சாலும் மழை விடட்டும்னு நிக்காம அந்த நிமிஷமே எறங்கிருங்க. பலத்த மழைன்னு சொன்ன ராத்திரிகள்ல பிள்ளைங்களோட சொந்தக்காரங்க வீட்டுல படுங்க. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை நம்பர் 1077, அத கதவுக்குப் பின்னாடி பெருசா எழுதி ஒட்டுங்க.